பத்துக்குப் பத்து ரூமும் காணாமல் போன பேஸும்

பாட்டு முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த அன்று சாயங்காலம், எங்கள் தெருவில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணனிடம் போனை நீட்டி, "ண்ணா, இத்த உங்க செட்ல ஒருவாட்டி போடுங்களேன்" என்றேன். அவர் வண்டியில் பின் சீட்டுக்கு அடியில் ஒரு சப்வூஃபர் இருக்கிறது, வண்டியை விட அதுக்குத்தான் அவர் அதிகம் செலவு செய்திருப்பார் என்று எங்களுக்குள் ஒரு சந்தேகம். பாட்டு ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வண்டியின் தகரம் மொத்தமும் ட்ர்ர்ர் என்று அதிருகிறது, தங்கச்சியின் குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருகிறது, பல்லவி முடிந்து சுருதிக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் பின்னாடி கண்ணாடி வரைக்கும் ஆடுகிறது. அண்ணன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இன்னா தம்பி, ஸ்பீக்கர கிழிச்சிடுவ போலகீதே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அந்த மிக்ஸுக்கு, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலப்பதற்கு, நான் செலவழித்தது ஏழு வாரம். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு ராத்திரியும் "பேஸ் பத்தலையே, பேஸ் பத்தலையே" என்று அந்த அடி சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போன ஏழு வாரம்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கொருக்குப்பேட்டையில் ஐந்து பேர். பாடுவது என் சித்தி மகள், மருந்துக்கடையில் வேலை. டோலக் வாசிப்பவர் எங்களை விட இருபது வயது பெரியவர், அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், கல்யாண வீடு சாவு வீடு என்று இருபத்தைந்து வருஷமாக வாசிக்கிறார். கிதாருக்கு ஒரு தம்பி, கல்லூரி இரண்டாம் வருஷம். கீபோர்டுக்கு என்னோடு பள்ளியில் படித்தவன். நான் பேஸ் கிதார், பகலில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களுக்கு பில் போடும் வேலை, ராத்திரியில் மேலே சொன்ன பைத்தியம். வட சென்னை பேண்ட் என்றதும் "ஓ, கானாவா?" என்று கேட்கிறார்கள். டோலக் இருப்பதால் கானா என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பேண்ட் மேடை ஏறியதையும், 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அதில் பாடிய கானா பாடகி இசைவாணி பெயர் வந்ததையும் பார்த்துத்தான் எங்கள் வீட்டிலேயே "சரி, இது ஏதோ உருப்படியான விஷயம் போல" என்று விட்டார்கள். ஆனால் நாங்கள் செய்வது கானா இல்லை. என்ன என்று கேட்டால் எங்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

முதல் தடவை ஸ்டூடியோவுக்குத்தான் போனோம், நகரத்தின் அந்தப் பக்கம், மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஏசி, சுவரெல்லாம் பஞ்சு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர். நான்கு மணி நேரத்தில் பாட்டு முடிந்தது. கடைசியில் கையில் கொடுத்தது ஒரே ஒரு ஃபைல், எல்லாம் கலந்து முடித்தது. குரல் தனியாக, டோலக் தனியாக என்று டிராக்குகளைக் கேட்டால் அதற்குத் தனிக் காசு, அதுவும் "ஹார்டிஸ்க்கில் இருக்கான்னு பாக்கணும்" என்றார்கள். இரண்டு வாரம் கழித்து இல்லை என்று பதில் வந்தது. ஸ்டூடியோவுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து உள்ளே நுழையும்போதே ஒரு பென்டிரைவை நீட்டி, கிளம்பும்போது மல்டிடிராக் அத்தனையும் இதில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் பதினோராயிரம் ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டது இது.

அப்புறம்தான் வீட்டிலேயே செய்யலாம் என்று முடிவு. மைக்கை கம்ப்யூட்டரோடு இணைக்கும் டப்பா, இரண்டு மைக் மாட்டக்கூடிய ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. கேபிளும் ஜாக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி கீபோர்டுக்காரனே சால்டரிங் செய்தான். பதிவு செய்து கலக்கும் மென்பொருளுக்கு ரீப்பர், அறுபது நாள் சும்மா பார்க்கலாம், அதற்கப்புறம் சின்ன லைசென்ஸுக்கு 60 டாலர், நாங்கள் காசு சேர்த்து வாங்கினோம். திருட்டு சாஃப்ட்வேரில் பாட்டு செய்துவிட்டு, ஐயோ என் பாட்டைத் திருடிவிட்டான் என்று அழுவது நன்றாக இருக்காது இல்லையா.

ரூம் என் வீட்டு மாடியில். பத்துக்குப் பத்து. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு மேஜை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கொருக்குப்பேட்டை. அதாவது கும்மிடிப்பூண்டி லோக்கல், ஆந்திராவுக்குப் போகும் எக்ஸ்பிரஸ், நேரங்காலம் இல்லாத கூட்ஸ், ரயில்வே கேட் போட்டுவிட்டால் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும் நூறு வண்டி, தண்ணி லாரி, அது வந்தால் பிளாஸ்டிக் குடங்கள், மீன்காரம்மா. எல்லாவற்றையும் விட மோசம் அடி பம்ப். கீழ் வீட்டு அடி பம்ப்பில் யாராவது அடித்தால் டங் டங் என்று வரும், அது சத்தமாகக்கூட இருக்காது, ஆனால் ஒரு தாளத்தில் இருக்கும், நம் பாட்டின் தாளத்தில் இருக்காது. ரயில் சத்தம் என்றால் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கலாம். பம்ப் அப்படி இல்லை, நல்ல டேக் என்று எல்லோரும் கைதட்டியபிறகு ஹெட்போனில் கேட்டால் இரண்டாவது சரணத்துக்கு அடியில் யாரோ தண்ணி அடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆரம்பத்தில் எல்லோரும் சொல்கிறார்களே என்று ஒரு கண்டென்சர் மைக் வாங்கினோம். 48 வோல்ட் பவர் கொடுத்தால் வேலை செய்யும், ஊசி விழுந்தாலும் கேட்கும். அதுதான் பிரச்சினை. எங்களுக்கு ஊசி கேட்க வேண்டாம். ஒரு வாரத்தில் அதை விற்றுவிட்டு ஷூர் எஸ்எம்58-க்கு மாறினோம், மேடையில் பார்த்திருப்பீர்களே, உருண்டைக் கம்பிவலை வைத்த அதே மைக். வாய்க்குப் பக்கத்தில் நான்கு விரல் தள்ளி வைத்துப் பாடினால் குரல் வரும், ஊர் பெரும்பாலும் வராது. பெரிய ஸ்டூடியோ பளபளப்பு இதில் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல ரூம் இல்லாதவனுக்கு கண்டென்சர் மைக் என்பது பக்கத்து வீட்டு சண்டையைத் தெளிவாகப் பதிவு செய்கிற கருவி.

முட்டை அட்டை ஒட்டாதீர்கள். நாங்கள் ஒட்டினோம். கைதட்டினால் கேட்கும் அந்த டிங் கொஞ்சம் குறையும், மற்றபடி ரூம் கோழிப்பண்ணை மாதிரி ஆகிவிடும், கரப்பான் வரும். அதற்குப் பதில் கோடவுன் தெருவில் கனமான திரைத்துணி மொத்த விலைக்கு வாங்கி இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டது நிஜமாகவே உதவியது, இலவம்பஞ்சு மெத்தையைப் பாடுகிறவளுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தது அதை விட உதவியது. மே மாதம் இது. கத்திரி வெயில், மெத்தை, திரை, ஃபேன் ஆஃப். ஒரு டேக் நான்கு நிமிடம், அது முடிந்ததும் ஓடிப்போய் ஃபேன் போடுவது, அஞ்சு நிமிடம் உட்கார்ந்திருப்பது, மறுபடி ஆஃப். தங்கச்சி ஒரு டேக்கின் நடுவில் "இதுக்கு மருந்துக்கட எவ்ளோவோ மேல்" என்று பாட்டு மெட்டிலேயே பாடினாள். அந்த ஃபைல் இன்னும் இருக்கிறது, கல்யாணத்தில் போட வைத்திருக்கிறேன்.

டோலக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பாட்டில் அதுதான் உயிர், எங்களுக்கு அதிகம் தெரியாததும் அதுதான். டோலக்கின் இடது பக்கத்துத் தோலுக்கு உள்ளே ஒரு மசாலா பூசியிருப்பார்கள், அந்தக் கனத்தால்தான் அந்தப் பக்கம் அடி நாதம் வருகிறது, உள்ளங்கையை அழுத்தி இழுத்தால் ம்ம்ம் என்று வளைந்து மேலே போகிறதே, அண்ணன் அதைக் கும்கி என்பார். வலது பக்கம் சின்ன தோல், கிண் கிண். இரண்டு பக்கமும் ஒரே மைக்கில் எடுத்தால் ஒன்று கேட்கும், மற்றது கேட்காது. அதனால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைக். எடுத்துவிட்டுக் கேட்டால், இடது மட்டும் போட்டால் அருமை, வலது மட்டும் போட்டால் அருமை, இரண்டையும் சேர்த்தால் டோலக் செத்துப்போன மாதிரி இருக்கிறது. கும்கியே இல்லை. அடி சத்தம், மேல் சத்தம் என்று கூட்டிக் குறைக்கும் ஈக்யூவை அரை மணி நேரம் திருகிக்கொண்டிருந்தேன்.

விஷயம் எளிமையானது. இடது தோலை அடித்தால் அது உள்ளே போகிறது, உள்ளே இருக்கும் காற்று வலது தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக்குக்கு அது பின்னால் போகும் அலை, எதிர்ப்பக்கம் இருக்கும் மைக்குக்கு முன்னால் வரும் அலை. இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், முக்கியமாக அடி நாதத்தில். ஒவ்வொரு டிராக்கிலும் ஒரு வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு பட்டன் இருக்கும், அலையைத் தலைகீழாக்கும் பட்டன். வலது மைக்கில் அதை ஒரு முறை அமுக்கினேன். கட்டிலில் படுத்திருந்த அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "இப்பதாம்பா டோலக்கு வந்துச்சு" என்றார். அரை மணி நேரமாக அவர் ஒன்றும் சொல்லாமல் படுத்திருந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

கிளிக் வைத்து வாசிக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. காதில் டிக் டிக் என்று ஓடியதும் இரண்டு நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "நான் பாடுறவங்க மூஞ்சப் பாத்து வாசிக்கிறவன், கடியாரத்துக்கு வாசிக்கச் சொல்றியே." எனக்கு அன்றைக்குக் கடுப்பு, ஏனென்றால் கிளிக் இல்லாவிட்டால் ஒரு பல்லவியை நன்றாக எடுத்து மற்ற இடங்களில் வெட்டி ஒட்டுகிற வசதி போய்விடும். கடைசியில் அவரும் தங்கச்சியும் எதிரெதிரே உட்கார்ந்து சேர்ந்து வாசித்துப் பாடியதை முதலில் எடுத்தோம், மற்றவர்கள் அதன் மேல் வாசித்தோம். மூன்றாவது பல்லவியில் வேகம் ஒரு மயிரிழை கூடுகிறது. இப்போது கேட்கும்போது பாட்டில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். அந்த ஒரு இடத்துக்காக நான்கு பல்லவியையும் தனித்தனியாகப் பாடவேண்டியிருந்தது என்பதைத் தங்கச்சி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

சரி, ஆட்டோவுக்கு வருகிறேன்.

அன்று ராத்திரி ரூமுக்கு வந்து அதே பாட்டைப் போட்டால் பேஸ் அளவாக இருக்கிறது. ஒன்றும் அதிகம் இல்லை. ஆட்டோ அண்ணனின் செட்தான் மோசம் என்று சொல்லிக்கொண்டு படுத்திருக்கலாம், சொல்லவும் செய்தேன். ஆனால் முடிவெட்டும் கடையில் போட்டாலும் அப்படியே, கேரம் கிளப்பில் இருக்கும் பெரிய ப்ளூடூத் டப்பாவில் போட்டாலும் அப்படியே. மூன்று இடத்தில் ஒரே தப்பு என்றால் நாலாவது இடம்தானே தப்பு.

இதைக் கண்டுபிடித்தது கீபோர்டுக்காரன். ரீப்பரில் 55 ஹெர்ட்ஸில் ஒரே சீரான ஊம்ம்ம் என்ற சத்தத்தை ஓடவிட்டு ரூமுக்குள் நடக்கச் சொன்னான். எங்கள் பாட்டின் சுருதி ஏ (A), பேஸ் கிதாரில் ஏ கம்பியைச் சும்மா தட்டினால் வருவது சரியாக 55 ஹெர்ட்ஸ், அதனால் அந்த எண். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், ரூமுக்கு நட்டநடுவே. எனக்கு ஏதோ தூரத்தில் மோட்டார் ஓடுகிற மாதிரி லேசாகக் கேட்கிறது. பீரோ பக்கம் சுவரில் சாய்ந்து நின்ற கிதார் தம்பி, "ண்ணா, இங்க காது அடைக்குது" என்கிறான். நான் எழுந்து அவனிடம் போனேன். நிஜமாகவே அடைக்கிறது, பீரோ கதவு நடுங்குகிறது. மறுபடி நடு ரூமுக்கு வந்தேன். இல்லை. இரண்டடி நகர்ந்தேன், வருகிறது. ஐந்து பேரும் கண்ணாமூச்சி ஆடுகிற மாதிரி அந்த ரூமில் "இங்க கீது, இங்க இல்ல" என்று நடந்துகொண்டிருந்தோம், அம்மா மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கீழே போய்விட்டார்.

கணக்கு இவ்வளவுதான். ரூம் 10 அடி, அதாவது 3.05 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். சுவருக்குச் சுவர் சரியாகப் பாதி அலை உட்காருகிற மாதிரி ஒரு அதிர்வெண் எது என்று பார்த்தால், 343-ஐ 6.1-ஆல் வகுக்க, 56 வருகிறது. அந்த அலை ரூமுக்குள் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கும், சுவரோரம் பெருசாக, நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமல். நீளம் ஒரு அளவு அகலம் ஒரு அளவு என்றாலாவது தொல்லை இரண்டு வேறு இடத்தில் பிரிந்துபோகும், எங்களுக்கு நீளமும் பத்து அகலமும் பத்து, இரண்டும் ஒரே இடத்தில் வந்து உட்காருகிறது. எங்கள் பாட்டின் சுருதி 55. என் நாற்காலி நட்டநடுவே. ஏழு வாரமாக, அந்த ரூமில் கேட்கவே முடியாத ஒரு ஸ்வரத்தைக் கேட்கவில்லையே என்று நான் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். எந்த சுருதியில் போட்டிருந்தாலும் ஏதோ ஒரு கோளாறு வந்திருக்கும்தான், ஆனால் இவ்வளவு கச்சிதமாகப் போய் மாட்டியது எங்கள் ராசி.

மெத்தை, திரை எதுவும் இதற்கு உதவாது. 55 ஹெர்ட்ஸ் அலையின் முழு நீளம் ஆறு மீட்டருக்கு மேல், திரைத்துணி அதை என்ன செய்யும். நான் செய்தது மேஜையை நகர்த்தியது மட்டும்தான், தலை முன்சுவரில் இருந்து நாலடி தள்ளி வருகிற மாதிரி. மீதிக்கு ரூமை நம்புவதை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மிக்ஸ் இப்படி நடந்தது: ராத்திரி ஒரு மணி நேரம் வேலை, ஃபைலை போனில் ஏற்றிக்கொள்வது, காலையில் வேலைக்குப் போகும்போது ஆட்டோவில் அண்ணனிடம் கொடுப்பது, அவர் முகத்தைப் பார்ப்பது, மத்தியானம் ஆபீஸில் போன் ஸ்பீக்கரில் ஒரு முறை, சாயங்காலம் கேரம் கிளப்பில் ஒரு முறை. ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வேன், "ஆட்டோ: பேஸ் ஓகே, குரல் சின்னது. கிளப்: கிதார் எங்கே?"

கிதார் எங்கே என்பது தனிக் கதை. இடது வலது என்று விரித்து அகலமாகக் கேட்கட்டும் என்று ஒரு எஃபெக்ட் போட்டிருந்தேன், ஹெட்போனில் அற்புதம், ஒரே ஸ்பீக்கர் இருக்கும் டப்பாவில் இரண்டு பக்கமும் கூடி ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கிதாரே காணாமல் போய்விட்டது. டோலக்கில் நடந்த அதே விஷயம்தான், வேறு வேஷத்தில். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும் மோனோ பட்டனைப் போட்டுக் கேட்கிற பழக்கம் அன்றிலிருந்து.

போனில் வேறு தொல்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது, ஆகவே கும்கி மொத்தமும் அவுட். நம் ஆட்கள் பாதிப் பேர் போனிலேயே, அதுவும் ஸ்பீக்கரில், கேட்கிறார்கள். இதற்கு வழி பேஸை ஏற்றுவது இல்லை, இல்லாத இடத்தில் எவ்வளவு ஏற்றினாலும் இல்லைதான். டோலக்கின் இடது பக்கத்து டிராக்கை இன்னொரு நகல் எடுத்து, அதில் லேசாக சாச்சுரேஷன் போட்டேன், அதாவது ஒலியைக் கொஞ்சம் கரகரக்க வைத்து மேல் ஸ்வரங்களைக் கிளப்பிவிடுவது. 80 ஹெர்ட்ஸ் அடிக்கு 160, 240, 320 என்று துணை நாதங்கள் வரும், போன் அவற்றில் மேலே இருப்பதை மட்டும் வாசிக்கும், கீழே இருக்கும் 80-ஐ நம் காதே போட்டுக்கொள்ளும். காது இப்படி இல்லாததை இட்டு நிரப்பும் என்று முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. அண்ணன் போனில் கேட்டுவிட்டு கட்டிலில் உள்ளங்கையை இழுத்துக் காட்டினார், கும்கி வருகிற இடத்தில் சரியாக.

கடைசியாக, சத்தம். முதல் மாஸ்டரை, அதாவது வெளியிடத் தயாரான கடைசி ஃபைலை, மற்றவர்கள் பாட்டுக்குச் சமமாக இருக்கட்டும் என்று, உச்ச சத்தத்தை அடக்கும் லிமிட்டரைப் போட்டு அமுக்கு அமுக்கென்று அமுக்கி மைனஸ் 7 லஃப்ஸ் வரை கொண்டுபோயிருந்தேன் (லஃப்ஸ் என்பது பாட்டின் சத்தத்தை அளக்கும் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க சத்தம் அதிகம்). ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாவற்றையும் மைனஸ் 14 அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும், யூடியூபும் சத்தமானதைக் குறைத்துவிடும். அதாவது நான் நசுக்கி ஏற்றிய 7 டெசிபலை அவர்கள் அப்படியே இறக்கிவிட்டார்கள், நசுங்கியது மட்டும் மிச்சம். இரண்டாவது தடவை மைனஸ் 11-இல் நிறுத்திக்கொண்டேன், டோலக் அடி மூச்சுவிட்டது.

வெளியிடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள் வேலை செய்தோம், இதைப் பலர் செய்வதில்லை. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: வரியும் மெட்டும் ஒன்று, நாம் பதிவு செய்த அந்த ஒலிப்பதிவு இன்னொன்று. யாருக்கு எதில் எவ்வளவு என்று ஐந்து பேரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அண்ணன் "நான் வாசிச்சேன், அதுக்கு இன்னா பங்கு" என்றுதான் ஆரம்பித்தார். பாட்டின் நடையே அவர் போட்டது என்று சொல்லி மெட்டில் அவர் பெயரையும் சேர்த்தோம், அதற்கு அவர் ஒரு மாதிரி சிரித்தார், இருபத்தைந்து வருஷத்தில் யாரும் கேட்டதில்லையாம். நடுவில் ஒரு வீடியோ சேனல்காரர் ஐயாயிரம் ரூபாய்க்கு "எல்லா உரிமையும் எக்காலத்துக்கும்" என்று ஒரு தாளை நீட்டினார். 2012-இல் காப்புரிமைச் சட்டத்தை (காபிரைட்) திருத்தியபிறகு, எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் வரவேண்டிய பங்கை அப்படி ஒட்டுமொத்தமாக எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. அதைச் சொன்னதும் அவருக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிட்டது. அந்தப் பங்கை வசூலித்துத் தரும் சங்கம் ஐபிஆர்எஸ், 1969-இல் இருந்து இருக்கிறது, எழுதுகிறவர்களும் மெட்டுப் போடுகிறவர்களும் உறுப்பினராகச் சேரலாம்.

வெளியீடு சொதப்பல். ஸ்பாட்டிஃபையில் எடிட்டர்களின் பிளேலிஸ்டுக்குப் பாட்டை அனுப்ப வேண்டுமானால் குறைந்தது ஏழு நாள் முன்னால் கொடுத்திருக்க வேண்டும், நாங்கள் நாலு நாள் முன்னால் ஏற்றினோம். அதுவாவது எங்கள் தப்பு. விநியோகம் செய்கிற கம்பெனி எங்கள் பாட்டை அதே பெயருள்ள வேறு ஏதோ ஒரு நாட்டுக் குழுவின் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் லிங்க் அனுப்பிவிட்டுப் பார்த்தால், தாடி வைத்த நாலு வெள்ளைக்காரர்கள் படத்துக்குக் கீழே எங்கள் கொருக்குப்பேட்டைப் பாட்டு. சரிசெய்யப் பதினாறு நாள் ஆனது. பெயர் வைப்பதற்கு முன்னால் அந்தப் பெயரில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று ஐந்து நிமிடம் தேடிப் பார்த்திருக்கலாம்.

முதல் இரண்டு மாதத்தில் 640 பேர் கேட்டார்கள் என்று காட்டியது. பேர் இல்லை, தடவை. அதில் நூறு தடவையாவது என் அம்மாவாக இருக்கும். 2024-இல் இருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை ஓடினால்தான் அதற்குக் காசு என்ற கணக்கே ஆரம்பிக்கும். அப்புறம் ரீல்ஸ் போட்டோம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தோம், லைக் வந்தது. யார் போட்டார்கள் என்று பார்த்தால் எல்லாம் நமக்கு ஏற்கெனவே தெரிந்த முகங்கள். இதுவும் அந்தப் பத்துக்குப் பத்து ரூம் மாதிரிதான், உள்ளே உட்கார்ந்திருந்தால் எல்லாம் சரியாகத்தான் கேட்கிறது.

ஆட்டோ ஐடியா அண்ணனுடையது, டோலக் அண்ணன் இல்லை, ஆட்டோ அண்ணன். இருநூறு ஸ்டிக்கர் அடித்தோம், க்யூஆர் கோடோடு. முதலில் மடத்தனமாக வண்டிகளின் பின்பக்கம் ஒட்டினோம். ஓடுகிற வண்டியை யார் துரத்திக்கொண்டு வந்து ஸ்கேன் செய்வார்கள். ஒரு வாரம் கழித்து அவரே, "தம்பி, உள்ள ஒட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால. கேட் போட்டா சும்மாதான குந்தினுகீறாங்க" என்றார்.

கொருக்குப்பேட்டை கேட் பற்றித் தெரியாதவர்களுக்கு: போட்டால் போட்டதுதான். ஒரு லோக்கல் போகும், திறக்கும் என்று நினைத்தால் எதிர்ப்பக்கம் ஒரு கூட்ஸ் வரும். வண்டிக்குள் இருப்பவர்களுக்கு இறங்கவும் மனசு வராது, இருக்கவும் முடியாது. எதிரே கண்ணுக்கு நேராக ஒரு ஸ்டிக்கர், "கேட் திறக்குற வரைக்கும் ஒரு பாட்டு கேளுங்க". இதை எழுதியது தங்கச்சி. முப்பது வண்டியில் ஒட்டினோம். இரண்டு வாரத்தில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பெரிய எண் ஒன்றும் இல்லை, தெரியும். ஆனால் இப்போது வரும் கமென்ட்டில் யாரையும் எங்களுக்குத் தெரியாது. "வண்ணாரப்பேட்டை வரைக்கும் இதான் ஓடுச்சு" என்று ஒருவர். "டோலக் யாரு?" என்று ஒருவர், அதை அண்ணன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார்.

போன ஞாயிறு யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வளைகோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம், எந்த நொடியில் எவ்வளவு பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று காட்டுமே, அது. முப்பது, முப்பத்தைந்தாவது நொடியில் ஒரு பள்ளம். பாதிப் பேர் அங்கேயே போய்விடுகிறார்கள். எங்கள் பாட்டில் முதல் 48 நொடிக்குக் குரலே கிடையாது, கிதார் தம்பியின் இன்ட்ரோ, அழகான இன்ட்ரோ, அவன் மூன்று மாதம் செதுக்கியது. ஆட்டோ அண்ணனிடம் கேட்டேன். "அதுக்குள்ள கேட்டு தொறந்துடும், போன உள்ள வெச்சுடுவாங்க" என்றார்.

அடுத்த பாட்டின் டோலக்கை முந்தாநாள் எடுத்துவிட்டோம், சுருதியை சி-க்கு (C) மாற்றியிருக்கிறோம். மூன்றாவது நொடியில் தங்கச்சி பாட ஆரம்பித்துவிடுவாள். தம்பி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.